அமுதத்தின் நிழல்

"தங்கவேல் அண்ணே! ஓடியாங்க அண்ணே! மடையில ரகளை!"

படலை யாரோ பிடித்து உலுக்கிய உலுக்கலில் வேலி முழுவதும் ஆடியது. கூரையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. கயிற்றுக் கட்டிலில் கண்ணயர்ந்திருந்த தங்கவேல் பதறி எழுந்திருக்கப் போனார். கட்டுப் போட்ட காலிலிருந்து வலி சுரீரென்று இடுப்புவரை ஏறியது. "ஐயோ அம்மா" என்று மறுபடியும் சாய்ந்துவிட்டார்.

வந்தவன் நீர்க்கட்டி சாமிக்கண்ணு. பாகூர் ஏரியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலில், யார் வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று பார்த்து மடை திறந்து மூடுகிறவன். ஓடி வந்த வேகத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"ஓடியாறதா? இந்தக் காலை வெச்சிக்கினா?" என்றார் தங்கவேல். "இன்னாடா ரகளை? நம்ப முறையை சிங்காரவேலு அண்ணன் பாத்துக்கறேன்னு சொன்னாரே?"

"அவருதான் என்னை அனுப்பினாரு. ஒங்க பொண்ணு மடை வாயில நின்னுக்கினு நகர மாட்டேங்குது."

"எம் பொண்ணா? அமுதம் மாட்டுக் கொட்டாயில சாணி வாரிக்கினு இருக்காடா!" தங்கவேல் கழுத்தைத் திருப்பிக் குரல் கொடுத்தார். "அமுதம்! ஏ அமுதம்!"

கொட்டாயிலிருந்து பசு மட்டும் பதில் சொன்னது.

தங்கவேலின் பார்வை கதவு மூலைக்குப் போயிற்று. அங்கே சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியைக் காணோம்.

அது பங்குனி மாதம். தையில் அறுவடையாகியிருக்க வேண்டிய சம்பாப் பயிரைக் கார்த்திகை மழை கொண்டுபோய்விட்டது. இப்போது வயலில் நிற்கும் நவரை நெல்தான் அந்த வீட்டுக்கு வருஷச் சோறு. கதிர் வெளியே வரும் சமயம். இந்த வாரத்துத் தண்ணீர் ஏறவில்லையென்றால் நெல்லுக்குப் பதில் பதர்தான். இந்த நேரம் பார்த்துத் தங்கவேல் கரும்பு வண்டியிலிருந்து சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். பிரெஞ்சு எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் ஆளும் ஊரிலிருந்து கட்டு வைத்தியர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, இன்னும் இருபது நாள் மண்ணில் கால் படக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மனைவி தையலம்மாள் மூத்த மகளின் பிரசவத்துக்குத் திருவாண்டார்கோயில் போயிருந்தாள். வீட்டில் இருந்தது அவரும் இளைய மகள் அமுதமும்தான். அமுதத்துக்குப் பதினாறு முடிந்து இரண்டு மாதம்.

அந்த வாய்க்காலில் எட்டு நாளைக்கு ஒரு முறை தங்கவேலுக்குத் தண்ணீர். சூரியன் கிளம்பியதிலிருந்து ஆறடி நிழல் வரைக்கும் அவருடைய முறை. அதற்கப்புறம் உச்சிவரை, ஒன்றுவிட்ட அண்ணன் சிங்காரவேலுவின் முறை. பாகூர் மேரியில், அதாவது பிரெஞ்சுக்காரர்களின் நகராட்சிக் கச்சேரியில், பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது. அதில் துரைமார் நேரம் பார்த்துக்கொள்வார்கள். வாய்க்காலுக்கு அது செல்லாது. முறைக்காரன் மடைக்குப் பக்கத்தில் உள்ள சமதரையில் நிற்க வேண்டும். அவன் தலையின் நிழல் விழும் இடத்தில் அடுத்த முறைக்காரன் ஒரு குச்சியைக் குத்த வேண்டும். நின்றவன் தன் காலாலேயே, குதிகாலும் விரலும் ஒட்ட, குச்சி வரைக்கும் அடிவைத்து எண்ண வேண்டும். ஆறு என்றால் முறை முடிந்தது. நெட்டையனுக்குப் பாதமும் நீளம், குட்டையனுக்குப் பாதமும் குட்டை. ஆகையால் யார் நின்றாலும் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும் என்று யாரோ அந்தக் காலத்தில் வைத்த ஏற்பாடு.

தங்கவேலுக்கு மட்டும் அந்தக் கணக்கு என்றைக்கும் சரியாக வந்ததில்லை. அவருடைய நிழல் மற்றவர்களைவிடச் சீக்கிரமே ஆறடிக்குச் சுருங்கிவிடும். தண்ணீர் வயலின் மேட்டு மூலையைத் தொடுவதற்குள் மடை மாறிவிடும். வருஷா வருஷம் அந்தக் கால்வாசி நிலத்தில் பதர்தான் விளையும். "உனக்கு ஒடம்புக்கு மீறின பாதம், வாத்துக் காலுடா தங்கவேலு" என்று சிங்காரவேலு சிரிப்பார். தங்கவேலும் கூடவே சிரிப்பார்.

"கட்டிலோட தூக்குடா" என்றார் இப்போது.

"இன்னா அண்ணே?"

"கட்டிலோட தூக்குன்றேன். போய் பச்சையப்பனைக் கூப்பிடு."

பக்கத்து வீட்டுப் பச்சையப்பன் வாயில் வேப்பங்குச்சியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் குச்சியைத் துப்பிவிட்டுக் கால்பக்கத்தைப் பிடித்தார். சாமிக்கண்ணு தலைப்பக்கம். கட்டில் கிளம்பியது.

வழியெல்லாம் தங்கவேலுக்குக் கோபம் கொதித்தது. ராத்திரி கஞ்சி ஊற்றும்போதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே! "பெரிப்பா நின்னுக்குவாரும்மா" என்று இவர் சொன்னபோது, "சரிப்பா" என்றுதானே தலையாட்டினாள்? அப்பனைக் கேட்காமல் ஒரு வளையல்கூடப் போடாத பெண், அப்பன் தூங்கும்போது மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவளுடைய அம்மா வந்து கேட்டால் என்ன சொல்வது? ஊரில் நாளைக்கு என்ன பேசுவார்கள்?

களை பறித்துக்கொண்டிருந்த வேலம்மாள் கட்டிலைக் கண்டதும் வாயில் கையை வைத்தாள். "ஐயையோ, யாரு போயிட்டாங்க?"

"இன்னும் போவலம்மா" என்றார் தங்கவேல் படுத்தபடியே. "போயிக்கினுதான் இருக்கேன்!"

பச்சையப்பன் சிரித்த சிரிப்பில் கட்டில் குலுங்கியது. "சும்மா இருப்பா, கால் போவுது!" என்று அலறினார் தங்கவேல்.

வாய்க்கால் கரை ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது சிங்காரவேலுவின் கறுப்புக் குடை. அவருக்குப் பின்னால் அவருடைய ஆட்கள் இருவர் மண்வெட்டியோடு நின்றார்கள். நாலைந்து பெண்கள் களை பறிப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். எல்லாருக்கும் எதிரே, மடை வாயை அடைத்துக்கொண்டு அமுதம். புடவையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டியிருந்தாள். கெண்டைக்கால் வரைக்கும் சேறு. அவளைத் தொட்டு நகர்த்த எந்த ஆம்பிளைக்கும் தைரியம் இல்லை. அவள் கால்களுக்கு நடுவில் தண்ணீர் சலசலவென்று தங்கவேல் வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

தங்கவேல் தினமும் பார்க்கிற பெண்தான். ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டு கீழேயிருந்து பார்த்தபோது அவருக்கு ஒரு கணம் யாரோ என்று இருந்தது. இவ்வளவு உயரம் எப்போது ஆனாள்?

"வாடா, வா!" என்றார் சிங்காரவேலு. "பாரு உன் பொண்ணு லட்சணத்தை. மொறை முடிஞ்சிடுச்சி, மடையை உடுடின்னா, நெழல் அளந்துட்டுத்தான் உடுவேன்றா. பொட்டப் புள்ள நெழலை எந்த ஊர்லடா அளந்தாங்க?"

"நெழல்ல ஆம்பிளை இன்னா, பொம்பளை இன்னா பெரிப்பா?" என்றாள் அமுதம். குரலில் கோபம் இல்லை. "மொறை வூட்டுக்குத்தானே? வூட்டு ஆளு நான்."

"சாமிக்கண்ணு, நீ சொல்லுடா! இது வழக்கமா?"

சாமிக்கண்ணு தலையைச் சொறிந்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். "வூட்டு ஆளு நிக்கணும்னுதான் வழக்கம் ஐயா. பொம்பளை நிக்கக் கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல. யாரும் நின்னதும் இல்ல."

"வழவழன்னு பேசாதடா" என்று சீறிய சிங்காரவேலு, சற்று யோசித்துவிட்டுக் குடையை மடக்கினார். ஒரு பெண்ணோடு தகராறு என்று ஊரில் பேர் வாங்க அவருக்கும் விருப்பமில்லை. "சரி, ஒழியட்டும். நில்லுடி, அளந்துடலாம்."

அமுதம் மடையை விட்டு இறங்கிச் சமதரைக்கு வந்தாள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். நிழல் நீளமாகச் சிங்காரவேலுவின் காலடி வரைக்கும் போய் விழுந்தது. அவர் குச்சியை எடுத்துக்கொண்டு அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றார். குனிந்து குத்தவில்லை.

"இன்னாடி இது, வெறச்சிக்கினு நிக்கிற? பெரியவன் எதிர்ல நிக்கச்சொல்ல தலையைக் குனியத் தெரியாது?"

"குனிடி அமுதம்" என்றாள் ஒரு பெண். "பெரிப்பா இல்ல?"

"அடக்கமா நில்லு புள்ள. நாளைக்கு உன்னை எவன் கட்டுவான்?" என்றாள் இன்னொருத்தி.

அமுதம் குனியவில்லை. "அளந்து முடிச்சதும் கால்ல வுழுந்து கும்புடறேன் பெரிப்பா. இப்ப குனிஞ்சா ஒண்ணேகால் அடி போவுது."

 

தங்கவேல் கட்டிலில் கிடந்தபடி அந்த வார்த்தையை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒண்ணேகால் அடி. சிங்காரவேலு எதிரே வந்து நிற்கிற ஒவ்வொரு முறையும் தான் எப்படி நின்றிருக்கிறோம்? தோளில் கிடக்கும் துண்டு தானாகக் கக்கத்துக்குப் போகும். முதுகு தானாக வளையும். தலை மார்புக்கு இறங்கும். அண்ணன் குச்சியைக் குத்தும்வரை அப்படியே நிற்பார். யாரும் அவரைக் குனியச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை. வாத்துக் காலும் இல்லை, வெங்காயமும் இல்லை! ஒவ்வொரு முறையும் ஒரு நாழிகைத் தண்ணீரை அந்தக் குனிவிலேயே தாரை வார்த்திருக்கிறார். இருபது வருஷமாக மேட்டு மூலையில் பதர் விளைந்தது அதனால்தான்.

அவமானம் காது மடல்வரை சுட்டது. அதற்கு மேலாக இன்னொன்று வந்து அதை அமுக்கியது. இதை இந்தப் பெண் பார்த்திருக்கிறாள். யாருக்கும் தெரியாமல் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.

"கேட்டியாடா தங்கவேலு?" சிங்காரவேலுவின் முகம் சிவந்திருந்தது. "நான் உன்னை ஏமாத்தினேன்னு சொல்றா உன் பொண்ணு. அப்பன் நீதானே? நீ சொல்லு. தலையைக் குனின்னு ஒரு வார்த்தை சொல்லு. இல்ல, நம்ப ரெண்டு வூட்டுக்கும் பேச்சே வேணாம்."

எல்லாருடைய கண்ணும் கட்டிலின் மேல் விழுந்தது.  சிங்காரவேலு கெட்டவர் இல்லை. கால் முறிந்த அன்றைக்கு வைத்தியரை அழைத்துவர வண்டி கட்டிக்கொண்டு போனவர் அவர்தான். குனி என்று சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மேட்டு மூலை காயும். அது காய்ந்து பழகிய மூலைதானே? தங்கவேலின் வலது கை அவருக்குத் தெரியாமலே துண்டைத் தேடிக்கொண்டிருந்தது. படுத்திருக்கும்போதும் கை துண்டைத் தேடுகிறதே என்று கண்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

அமுதம் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. கெஞ்சவும் இல்லை. அவள் பார்வை நேரே எதிர்க்கரையில் நின்றது. அப்பா என்ன சொன்னாலும் அவள் அப்படியேதான் நிற்பாள் என்று தங்கவேலுக்குத் தெரிந்துபோயிற்று. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. அடுத்த கணமே அதுதான் அவர் நெஞ்சை நிமிர்த்தியது.

"அமுதம்" என்றார்.

"இன்னாப்பா?"

"ஆடாம நில்லு. ஆடினா அண்ணனுக்குக் குச்சி குத்தக் கஷ்டமா இருக்கும்."

பச்சையப்பன் களுக்கென்று சிரித்துவிட்டு இருமுவதுபோல் மறைத்தார். சிங்காரவேலு கட்டிலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து, தலை நிழலின் நுனியில் குச்சியைக் குத்தினார். கோணலாகக் குத்தவில்லை. அதுவரைக்கும் நியாயஸ்தர்தான்.

அமுதம் அடிவைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சாமிக்கண்ணு உரக்க எண்ணினான். ஏழாவது அடி வைத்த பிறகும் குச்சிக்கும் விரலுக்கும் இடையில் நாலு விரற்கடை மிச்சமிருந்தது.

"ஏழே கால்!" என்று கத்தினான் சாமிக்கண்ணு, தானே ஜெயித்தவன்போல. "மொறை இன்னும் முடியல!"

அதற்கப்புறம் அமுதம் ஒரு நொடியும் நிற்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஓடினாள். ஒரு பாத்தியை அடைத்தாள், இன்னொன்றை வெட்டினாள், குனிந்து கையாலேயே சேற்றை அள்ளி எறிந்தாள். தங்கவேல் வாயைத் திறந்து, "கிழக்கு வாய் அடைம்மா" என்று சொல்வதற்குள் அவள் அதை அடைத்திருந்தாள். "கீழ்ப் பாத்தி போதும்" என்று நினைப்பதற்குள் அதைக் கடந்திருந்தாள். சொல்வதற்கென்று அவரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

போகிற போக்கில் அவள்தான் சொன்னாள். "சித்தப்பா, அப்பா வெயில்ல கெடக்குது பாருங்க. வேம்புக்கு அடியில தூக்கிப் போடுங்க."

"உத்தரவு" என்றார் பச்சையப்பன். கட்டில் நிழலுக்கு நகர்ந்தது. மூட்டையைத் தூக்கி வைப்பதுபோல் தன்னைத் தூக்கி வைக்கிறார்களே என்று தங்கவேலுக்கு ஒரு பக்கம் எரிச்சல். இன்னொரு பக்கம், வாயெல்லாம் சிரிப்பு வரப் பார்த்தது. துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் அதைத் துடைத்துக்கொண்டார்.

தண்ணீர் மேட்டு மூலையைத் தொட்டதை அவர் கண்ணால் பார்த்தார். வெடித்துக் கிடந்த மண் முதலில் உஸ்ஸென்று உறிஞ்சியது. பிறகு நிறம் மாறியது. பிறகு பயிரின் அடியில் வானம் தெரிந்தது. அந்த மூலையில் வானத்தை அவர் மழை நாளில் தவிரக் கண்டதில்லை.

அமுதம் வேப்பமரத்தடிக்கு வந்து, செம்பிலிருந்த தண்ணீரை அண்ணாந்து குடித்தாள்.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?" என்று கேட்டார் தங்கவேல், அவளைப் பார்க்காமல்.

"எட்டு வயசுலேருந்து. உனக்குக் கஞ்சி கொண்டாறச்சொல்ல பாப்பேன். பெரிப்பா வர்றதுக்கு முன்னாடி உன் நெழல் நீளமா இருக்கும். அவரு வந்தா குட்டையாயிடும்."

"எட்டு வருஷமாச்சே. ஏன் சொல்லல?"

அமுதம் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பதில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் பொய் சொல்லவும் அவளுக்கு வரவில்லை.

"சொன்னா நிமிந்து நின்னிருப்பியாப்பா?"

தங்கவேல் வேப்பமரத்துக் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் வலியைவிட அந்தக் கேள்வி ஆழமாக இறங்கியது. "மாட்டேன்" என்றார் கடைசியில். சொன்னதும் ஏனோ மனசு லேசாயிற்று.

"சரி, போ. நெழலைப் பாரு" என்றார். "நம்ப மொறைக்கு மேல ஒரு சொட்டு வேணாம்."

"தெரியும்ப்பா" என்று சொல்லும்போதே அவள் போய்க்கொண்டிருந்தாள்.

இரண்டாம் தடவை அளந்தபோது ஆறடி சரியாக வந்தது. அமுதம் தன் கையாலேயே மடையை அடைத்தாள். சிங்காரவேலுவின் மடையை வெட்டித் திறந்தாள். தண்ணீர் அவர் பக்கம் திரும்பியதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சேற்றுக் கையோடு, சொன்னபடியே அவர் காலில் விழுந்து கும்பிட்டாள்.  சிங்காரவேலு குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "எழுந்திரிடி, எழுந்திரி, வேட்டியெல்லாம் சேறு" என்று முணுமுணுத்தார்.

பிறகு வேப்பமரத்தடிக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைத்தார். எதிர்க்கரையில் அமுதம் வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன் பொண்ணுக்கு வாய் நீளம்டா" என்றார்.

"ஆமாண்ணே."

"கையும் நீளந்தான். நாலு ஆம்பிளை செய்யற வேலையை ஒத்தையில செஞ்சிப்புட்டா." அவர் குடையால் மண்ணைக் கிளறினார். "ஆனாலும் இது நல்லா இல்லடா. ஆம்பிளை ஆம்பிளை பேசிக்கிட்டா ஒரு பொழுதுல முடிஞ்சிடும். உன் கால் கட்டை எப்ப பிரிக்கிறாங்க?"

"இருபது நாள்ல."

"அப்ப மூணாவது மொறைக்கு நீயே வந்து நின்னுடுவ இல்ல?"

தங்கவேல் கட்டிலில் கையை ஊன்றி, வலியைப் பொருட்படுத்தாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிர்க்கரையில் நின்ற பெண்ணை ஒரு தடவை ஆசை தீரப் பார்த்தார்.

"அவளைக் கேட்டுச் சொல்றேண்ணே."